அப்பாவைப் பார்க்க எல்.டி.சி.யில் வந்தார்கள்

1

அந்தமானில் குடியிருக்கிறவனுக்குச் சொந்தக்காரர்கள் குறைவதே இல்லை. நான் சிவகங்கையில் இருந்த காலத்தில் என்னைத் தெருவில் கண்டால் எதிர்ப்பக்கம் ஒதுங்கியவர்களெல்லாம், போர்ட் பிளேர் குட்வில் எஸ்டேட்டில் எனக்கொரு வீடு இருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து பாசம் பொங்கி விமானம் ஏறி வருகிறார்கள். ஜெயிலைக் காட்டி, கடற்கரையைக் காட்டி, சங்குக் கடையில் பேரம் பேசிக்கொடுத்து அவர்களைத் திருப்பி அனுப்புவதை இருபது வருஷமாக ஒரு துணைத்தொழிலாகவே செய்துவருகிறேன். முதல் தொழில், அரசாங்க அலுவலகம் ஒன்றில் கிளார்க்.

போன வாரம் மதுரையிலிருந்து என் பெரியப்பா மகன் கூப்பிட்டார்.

"தம்பி, சித்தப்பாவப் பாக்கணும்னு மனசு கெடந்து அடிச்சுக்குதுப்பா. டிசம்பர்ல லீவு போட்டுட்டேன். ஆமா, அந்தக் கண்ணாடித் தொப்பிய மாட்டிக்கிட்டுக் கடலுக்கு அடியில நடக்குறாங்களே, அது உங்க வீட்லேர்ந்து பக்கமா?"

சித்தப்பா என்று அவர் சொன்னது என் அப்பாவை. அப்பாவுக்கு பார்க்கின்சன் நோய். வீட்டுக்குள் நடப்பதே கடலுக்கு அடியில் நடப்பது போலத்தான்.

"பக்கந்தாண்ணே. அப்பாவோட சேந்தே நடந்துக்கலாம். அவரு ரெண்டு வருஷமாப் பழகிட்டிருக்காரு" என்றேன்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் சிரிக்க வைப்பதற்காகச் சொல்லவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். என் பிரச்சினையே இதுதான். நான் கோபப்பட்டாலும் ஜனங்கள் சிரிக்கிறார்கள். அதனால்தான் இந்த முறை எழுதுகிறேன். எழுத்தில் என் மூஞ்சி தெரியாது.

அப்பாவை இங்கே கூட்டிவந்து இரண்டு வருஷம் முடிந்துவிட்டது. இந்தப் பிப்ரவரியில் என் ஒரே தங்கை கல்யாணி, புருஷனோடு கோயம்புத்தூரிலிருந்து அப்பாவைப் பார்க்க வந்தாள். வந்த கதைதான் இது. ஊரில் இருக்கும் அன்பர்கள், தீவில் இருக்கும் நோயாளியைப் பார்க்க விமானம் ஏறுவதற்கு முன் இதைப் படித்துவிட்டு ஏறினால் நல்லது.

2

அப்பா அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ராமேஸ்வரம் போகிற வண்டியில், அமாவாசைக் கூட்டத்தில், ஒரு கை பையிலும் ஒரு கை டிக்கெட்டிலும் இருக்க, கம்பியைத் தொடாமல் முன் படிக்கும் பின் படிக்கும் போய்வந்தவர். ஓடுகிற பஸ்ஸை வெறும் காலால் சமாளித்த அந்த மனிதருக்கு, ஆடாமல் அசையாமல் கிடக்கிற என் வீட்டு மொசைக் தரையைக் கடக்க முடியவில்லை.

அம்மா போன பிறகு சிவகங்கையில் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சட்டைப் பொத்தான் போடமுடியாமல் திணறுகிறார் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்லி, நான் பதறியடித்துக்கொண்டு போனேன். மதுரையில் டாக்டர் நோயின் பெயரைச் சொன்னார். குணமாகாது, கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டே போகும், பயப்படாதீர்கள் என்றார். இந்த மூன்றையும் ஒரே மூச்சில் சொல்வதற்கு எந்தக் கல்லூரியில் பயிற்சி கொடுக்கிறார்களோ.

அப்பா பயப்படவில்லை. "கூடிக்கிட்டே போறதுன்னா, டீசல் வெல மாதிரியா சார்?" என்று கேட்டார்.

பயந்தவன் நான். இணையத்தில் தேடி, கடைசிக் கட்டம் என்ன என்பதை முதலில் படித்தேன். சக்கர நாற்காலி, கட்டிலுக்குத் தடுப்புக் கம்பி, படுத்த இடத்தில் மலம் கழிக்கும் தட்டு என்று, இன்னும் பத்து வருஷம் கழித்துத் தேவைப்படக்கூடிய எல்லாவற்றையும் வாங்கிக் குவித்தேன். அப்பா அந்தத் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கேசரி கிண்டலாம்" என்றார். ரத்த அழுத்தம் பார்க்கும் மெஷின் வந்ததும் சரியாக வேலை செய்கிறதா என்று என் கையில் மாட்டிப் பார்த்தேன். அடுத்த வாரத்திலிருந்து வீட்டில் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இரண்டு பேர் ஆனோம்.

இங்கே கூட்டிவந்த பிறகுதான் அரசாங்கம் அப்பாவை எந்தக் கணக்கில் வைத்திருக்கிறது என்று தெரிந்தது. மறுபரிசோதனைக்குச் சென்னை போகக் கப்பல் டிக்கெட் கவுண்டரில் நின்றேன். தீவுக்காரர்களுக்குக் கொடுக்கும் ஐலண்டர் கார்டு எனக்கு உண்டு, அப்பாவுக்குக் கிடையாது.

"கார்டு நஹீ? தோ டூரிஸ்ட்" என்றார் கவுண்டர்காரர். கார்டு இல்லையென்றால் டூரிஸ்ட்தானாம்.

"சாப், வோ பேஷண்ட் ஹை. சல் நஹீ சக்தே" என்றேன். நோயாளி சார், நடக்க முடியாது.

அவர் கொஞ்சம் யோசித்தார். மனிதாபிமானம் எட்டிப் பார்ப்பது போலிருந்தது.

"பேஷண்ட் டூரிஸ்ட்" என்று திருத்திக்கொண்டார்.

கடைசியில் கப்பலும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று சென்னை டாக்டரிடம் வீடியோவில் காட்ட ஆரம்பித்தோம். கையைத் தூக்குங்கள் என்பார். அப்பா தூக்குவதற்குள் நெட்வொர்க் போய்விடும். திரும்பி வரும்போது டாக்டர் வாயைத் திறந்தபடி சிலையாக இருப்பார். "பாவம்டா, இவருக்கும் அதே வியாதிதான் போல" என்பார் அப்பா.

இதையெல்லாம் விடக் கொடுமை சூரியன். இங்கே கடிகாரம் தில்லிக்கும் சூரியன் பர்மாவுக்கும் வேலை பார்க்கின்றன. ஐந்து மணி வாக்கில் இருட்டிவிடும். இருட்டினால் அப்பாவுக்கு ராச்சாப்பாடு வேண்டும். போட்டுவிட்டு நாங்கள் சாப்பிட உட்காரும்போது, அவருக்கு மட்டும் தட்டு வைக்கவில்லை என்று கோபித்துக்கொள்வார்.

3

நோயைப் பற்றி ஊரில் எல்லோருக்கும் தெரிந்தது கைநடுக்கம். நடுக்கத்தோடு குடித்தனம் நடத்திவிடலாம். பயமுறுத்துவது கால். வாசற்படி, கதவு நிலை, தரையின் நிறம் மாறுகிற இடம் என்று ஏதாவது ஒன்றின் முன்னால் பாதம் இரண்டும் தரையில் ஒட்டிக்கொள்ளும். மனசு முன்னே போகும், உடம்பு பின்னாலேயே போகும், கால் மட்டும் வராது. அப்படியே குப்புற விழவேண்டியதுதான்.

முதல் தடவை அது நடந்தபோது என் மகள் யாழினிதான் பார்த்தாள். பிளஸ் டூ படிக்கிறாள். பிறந்தது வளர்ந்தது எல்லாம் இங்கே. நாங்கள் தமிழில் கேட்டால் தமிழும் இந்தியும் கலந்து பதில் வரும், அவசரம் என்றால் தமிழ் கழன்றுவிடும்.

"பப்பா! தாத்தா ஹேங் ஹோ கயா!" என்று கத்தினாள். கம்ப்யூட்டர் நின்றுபோவது போலத் தாத்தா நின்றுவிட்டாராம்.

ஓடினேன். பாத்ரூம் வாசலில் அப்பா நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் செய்த முதல் காரியம் ஆம்புலன்சைக் கூப்பிட்டது. கூப்பிட்டது ஆம்புலன்ஸ் இல்லை, கேஸ் ஏஜென்சி என்பது, "சிலிண்டர் காலி?" என்று அங்கே கேட்டபோதுதான் புரிந்தது. இரண்டாவது காரியம், அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தது. அதைப் போல முட்டாள்தனம் வேறு இல்லை. இழுக்க இழுக்க அவர் சாய்ந்தார். மூன்றாவதாக, வேறு ஒன்றும் தோன்றாமல், எரிச்சலின் உச்சத்தில் கத்தினேன்:

"என்னப்பா, வண்டிய எடுக்க மாட்டீங்களா? ரைட்! போலாம், ரைட்!"

அப்பா வலது காலைத் தூக்கி வைத்தார். பிறகு இடது காலை. பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சத்தமோ தாளமோ கொடுத்தால் சிலருக்குக் கால் விடுபடும் என்று பிறகு டாக்டரே சொன்னார். அன்றைக்கு எங்களுக்கு அது தெரியாது. நானும் செல்வியும் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். செல்வி என் மனைவி.

மறுநாள் பஜாரில் சாகுல் பாய் கடைக்குப் போனேன். தொண்டிக்காரர், ஹார்டுவேரிலிருந்து ஹாக்கி மட்டை வரை விற்பார்.

"விசிலா? என்ன சார், புட்பால் கோச்சா ஆயிட்டியளா?"

"அப்பாவுக்கு பாய்."

விவரத்தைக் கேட்டுக்கொண்டார். "உங்க அத்தாவுக்கு இதெல்லாம் சரிப்படாது. இது பிளாஸ்டிக்கு. கண்டக்டருக்குப் பித்தளதான் சரி" என்று உள்ளே போய்த் தேடி எடுத்து வந்தார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இரண்டு விசில் கொடுத்தால் அப்பா கிளம்புவார். யாழினி விளையாட்டாக ஒரு விசில் மட்டும் கொடுத்தாள். நடு ஹாலில் நின்றுவிட்டு, "யாரு எறங்கணும்?" என்று கேட்டார். கிண்டலா, நிஜமா என்று எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த நோய் முகத்தில் சதையை இறுக்கிவிடுகிறது. சிரிப்பும் அழுகையும் ஒரே மாதிரி இருக்கும்.

4

இவை எல்லாவற்றையும் நான் குடும்ப வாட்ஸப் குழுவில் எழுதினேன். எப்படி எழுதினேன்? நான் எழுதுகிற மாதிரிதான். "இன்று சிவகங்கை வண்டி பாத்ரூம் ஸ்டாப்பில் பிரேக் டவுன். பயணிகள் பொறுமை காத்தனர்." சிரிக்கும் மூஞ்சிகள் வந்து குவியும். அப்பா விழுந்து புருவத்தில் தையல் போட்ட நாளில் "வண்டிக்குச் சிறு பாடி ஒர்க்" என்று எழுதினேன். அதற்கும் மூஞ்சிகள். என் மாமா ஒருவர் கைதட்டும் படம் வேறு போட்டார். தையல் போட்டதற்குக் கைதட்டுகிற குடும்பத்தில் பிறந்திருக்கிறேன்.

கல்யாணி அவ்வப்போது குரல் பதிவு அனுப்புவாள். "அப்பாவ டெய்லி பீச்சுக்குக் கூட்டிட்டுப் போண்ணே. கடல் காத்து நல்லது. பொல்யூஷன் இல்லாத ஊரு, குடுத்து வச்சவரு."

பீச்சில் மணல் இருக்கிறது. மொசைக்கிலேயே நடக்காதவர் மணலில் நடக்க வேண்டுமாம். பதிலுக்கு நானும் ஒரு சிரிக்கும் மூஞ்சி போட்டேன். போட்ட விரலை உடைத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

நான் எழுதாத விஷயம் ஒன்று இருந்தது. செல்விக்குக் கர்ப்பப்பையில் கட்டி. மாதத்தில் பாதி நாள் ரத்தப்போக்கு. ஆபரேஷன் செய்யவேண்டும், கனம் எதையும் தூக்கக்கூடாது என்று சென்னையில் சொல்லியிருந்தார்கள். நான் அலுவலகம் போன பிறகு வீட்டில் அப்பாவைத் தூக்குவது அவள்தான். ஆபரேஷனுக்கு நாள் வாங்கி இரண்டு தடவை தள்ளிப்போட்டாள். கேட்டால், "மாமாவ யாருகிட்ட விட்டுட்டுப் போறது? நீங்க சமைச்சா அவரு வியாதியில போகமாட்டாரு, சாப்பாட்டுல போயிருவாரு" என்பாள்.

இதை வைத்துக் குழுவில் எழுத எனக்கு ஒரு வேடிக்கையும் வரவில்லை. வேடிக்கை இல்லாமல் எழுதவும் தெரியவில்லை.

அப்போதுதான் கல்யாணியின் செய்தி வந்தது. மாப்பிள்ளைக்கு மத்திய அரசு வேலை. விடுமுறைப் பயணச் சலுகையில், அதுதான் அந்தப் புகழ்பெற்ற எல்.டி.சி.யில், அப்பாவைப் பார்க்க வருகிறார்கள். செய்தியின் கீழே ஹேவ்லாக் தீவில் ஒரு ரிசார்ட்டின் படமும் இருந்தது.

"நேர்ல பாத்தா அவளுக்கே புரியும்" என்றாள் செல்வி. "ஒரு மூணு மாசம் மாமாவக் கோயம்புத்தூர்ல வச்சுக்கச் சொல்லுங்க. நான் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு எழுந்து உக்காந்துர்றேன். அதுக்கு மேல ஒரு நாள் வேணாம்."

மூன்று மாதம். நாங்கள் கேட்க இருந்தது அவ்வளவுதான்.

5

இனி நாங்கள் செய்த முட்டாள்தனத்தைச் சொல்கிறேன்.

வருகிறவர்களுக்கு அப்பாவின் கஷ்டம் தெரியவேண்டும். அதற்குத்தானே காத்திருந்தோம்? ஆனால் வருவது யார்? மகளும் மருமகனும். மாப்பிள்ளை வீட்டுக்குள் நுழையும்போது மாமனார் எச்சில் வடிந்த பனியனோடு இருக்கலாமா? நம் ஜாதகத்திலேயே கிடையாது. செல்வி அதிகாலையிலேயே வென்னீர் வைத்தாள். நான் வழவழவென்று சவரம் செய்துவிட்டேன். கரை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி. அப்பா தன் பங்குக்கு, "மாத்திரையக் கொஞ்சம் தள்ளிக் குடுடா. அவங்க வர்ற நேரத்துக்குச் சரியா வேல செய்யணும்" என்றார். தள்ளிக் கொடுத்தேன். விமானம் தரையிறங்கும் நேரத்துக்கு மாத்திரையும் ஏறியது.

ஆட்டோ வந்து நின்றபோது அப்பா எழுந்தார். விசில் இல்லை, கைப்பிடி இல்லை. வாசல் வரை நடந்தார். "வாங்க மாப்ள" என்று கை கூப்பினார். நாடக கம்பெனிக்காரன்கூட அப்படி நடித்திருக்கமாட்டான்.

கல்யாணி அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுது முடித்ததும் என் பக்கம் திரும்பினாள்.

"ஏண்ணே, நல்லாத்தான் இருக்காரு! நீ எழுதுறதப் பாத்துட்டு நான் என்னமோ ஏதோன்னு பயந்தே போயிட்டேன். இந்தக் கலர் இங்க வந்துதானே வந்துச்சு?"

மாப்பிள்ளை சுந்தரம் குச்சியில் மாட்டிய கேமராவை நீட்டி எங்கள் எல்லோரையும் பிடித்தார். அதிகம் பேசமாட்டார். எங்கள் குடும்பத்தில் கல்யாணம் செய்துகொண்ட பிறகு அவருக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை.

செல்வி என்னைப் பார்த்தாள். கேளுங்கள் என்கிற பார்வை. மாத்திரையின் வேகத்தில் அப்பா மீன்குழம்பு சோற்றைத் தானே பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்தக் காட்சியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எப்படிக் கேட்பது? பல்லைக் கடித்துக்கொண்டு மீன் பொரியலைப் பரிமாறினேன்.

மறுநாள் காலை அவர்கள் ஹேவ்லாக் போனார்கள். படகு துறைமுகத்தை விட்டுக் கிளம்பிய நேரத்தில் அப்பா கட்டிலில் விழுந்தார். ஒரு நாள் நடித்ததற்கு உடம்பு வட்டியோடு வசூலித்தது. திரும்பிப் படுக்க முடியவில்லை. கஞ்சி தொண்டையில் இறங்கவில்லை. செல்வி தூக்கித் தூக்கி உட்கார வைத்தாள். மாலையில் அவள் பாத்ரூமுக்குப் போனபோது தரையில் சொட்டுச் சொட்டாக ரத்தம். நான் துடைத்துவிட்டு, யாழினி பார்க்கக்கூடாதென்று துணியைக் கொல்லையில் போட்டேன்.

போனில் படங்கள் வந்துகொண்டிருந்தன. நீலக் கடல். நீர்மூழ்கிக் கண்ணாடி போட்ட என் தங்கை. கீழே எழுதியிருந்தாள்: "வந்தது அப்பாவைப் பார்க்க. கிடைத்தது சொர்க்கம்."

6

அவர்கள் சொல்லியிருந்த நேரத்துக்கு முன்பே திரும்பிவிட்டார்கள். கடல் கொந்தளிப்பு என்று படகை முன்கூட்டியே எடுத்துவிட்டார்களாம். வாந்தி எடுத்துக் களைத்துப்போன முகத்தோடு கல்யாணி உள்ளே வந்தபோது, நான் ஹால் நடுவில் நின்று விசில் ஊதிக்கொண்டிருந்தேன். அழுக்குப் பனியனில், எச்சில் வழிய, அப்பா ஓரோர் அடியாக வந்துகொண்டிருந்தார்.

"என்னண்ணே இது?" அவள் குரல் உடைந்தது. "பெத்த அப்பாவக் குரங்காட்டி மாதிரி விசில் ஊதி நடக்க வைக்கிறியா?"

"நீயும் ஊதிப் பாரு. உனக்கும் அப்பாதானே?"

"முந்தாநாள் நல்லா நடந்தாருல்ல!"

"அன்னிக்கி நடந்ததுக்குத்தான் ரெண்டு நாளாப் படுத்துக் கெடந்தாரு கல்யாணி" என்றாள் செல்வி.

"அப்ப ஏன் மதினி சொல்லல? இவன் சொல்றதுல எது நெசம் எது கேலின்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? அப்பா விழுந்தாக்கூட பாடி ஒர்க்குன்னு எழுதுறான்!"

மாட்டிக்கொண்டால் நான் கத்துவேன். கத்தினேன். சொர்க்கத்தைப் பற்றி, கடல் காற்றைப் பற்றி, சிரிக்கும் மூஞ்சிகளைப் பற்றி. பக்கத்து வீட்டு வங்காளி அம்மாள் ஜன்னலைச் சாத்துகிற அளவுக்குக் கத்தினேன். கத்தலின் கடைசியில்தான் கேட்டேன், அதுவும் கத்தலாகவே.

"செல்விக்குக் கர்ப்பப்பைய எடுக்கணும். ரெண்டு வாட்டி தள்ளிப் போட்டாச்சு. மூணு மாசம், மூணே மாசம் அப்பாவ நீ வச்சுக்க."

கல்யாணி செல்வியைப் பார்த்தாள். "மதினி... எனக்குத் தெரியாதே" என்றாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "மகன் இருக்கறப்ப மக வீட்டுல வந்து கெடந்தா, எங்க மாமியார் எந்த நேரம் என்ன சொல்லுவாங்களோ..." என்று இழுத்தாள்.

"யாருடா என்னய அனுப்புறது?"

அப்பா. நோய் அவர் குரலையும் தின்றுகொண்டிருந்தது. கிசுகிசுப்புதான் வரும். ஆனாலும் எல்லோரும் அடங்கினோம்.

"பொண்ணு குடுத்த வீட்டுல போயிப் படுத்துக் கெடக்கவாடா டிக்கெட் கிழிச்சேன்? செல்வி போயிட்டு வரட்டும். நான் தனியா இருந்துக்குவேன். எனக்கென்ன, நல்லாத்தான இருக்கேன்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்றைக்கு வாசல்வரை அவர் நடந்தது மாப்பிள்ளைக்கு மரியாதை காட்ட மட்டும் இல்லை. இந்தப் பேச்சே எழக்கூடாது என்றுதான். நாங்கள் ரகசியமாகப் பேசியதெல்லாம் அவர் காதில் விழுந்திருக்கிறது. நோய் அவர் காதை ஒன்றும் செய்யவில்லை. எனக்கு அவர் மேலும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இந்த மனுஷனின் கௌரவத்துக்கு என் பெண்டாட்டி ரத்தம் சிந்தவேண்டுமா?

நன்றாகத்தான் இருக்கிறார் என்பதை நிரூபிப்பதற்காக அப்பா நடக்கப் பார்த்தார். தோள் முன்னே போனது. கால் வரவில்லை. பாதங்கள் ஒட்டிக்கொண்ட இடத்திலேயே குதிகால் மட்டும் படபடத்தது.

விசில் என் கையில் இருந்தது. நான் ஊதவில்லை. பார்க்கட்டும் என்று நின்றேன்.

கல்யாணி ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அத்தே, கீஞ்சோ மத்! இழுக்காதீங்க!" என்று யாழினி அலறினாள். அதற்குள் அப்பா சாய்ந்துவிட்டார். மாப்பிள்ளைதான் பாய்ந்து தாங்கினார். குச்சியும் கேமராவும் எங்கோ போய் விழுந்தன. முழு எடையும் தன் நெஞ்சில் சாய்ந்திருக்க, மாமனாரின் எச்சிலில் அவருடைய ஹேவ்லாக் பனியன் நனைய, அவர் அப்படியே நின்றார். எவ்வளவு கனம் என்று அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். செல்வியைத் திரும்பிப் பார்த்தார்.

"மாமா" என்றார். "எங்க வீட்டுக்கு வாங்க. நான் கூப்பிடுறேன்."

எங்கள் பக்கத்தில் மகள் கூப்பிட்டால் மறுக்கலாம், அழுதால்கூட மறுக்கலாம். மாப்பிள்ளை தன் வாயால் கூப்பிட்டுவிட்டால் மாமனார் மறுப்பது அவரை அவமானப்படுத்துவது. அப்பாவுக்கு அது தெரியும். அவருடைய முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"மாப்ள சொல்லிட்டா..." என்று மட்டும் கிசுகிசுத்தார்.

"எங்கம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்" என்று கல்யாணியிடம் சொல்லிவிட்டு, "டிக்கெட் போடுங்க மச்சான்" என்றார் என்னிடம்.

எனக்கு நன்றி வரவில்லை. இரண்டு வருஷமாகத் தொண்டை கிழியக் கத்தியவன் நான். ஒரே வரியில் நல்லவராகிவிட்டவர் இவர். அந்தக் கோபத்தோடுதான் டிக்கெட் போட்டேன்.

7

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. செல்வி எழுந்து உட்கார்ந்து முதலில் சொன்னது, "இட்லி கல்லு மாதிரி இருக்கு" என்பது. பிழைத்துவிட்டாள் என்று தெரிந்தது.

அடுத்த நாள் காலை சென்னை ஆஸ்பத்திரி வராந்தாவில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது கல்யாணி போன் செய்தாள். அப்பா கோயம்புத்தூர் போன பிறகு அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை. நானும் பேசவில்லை. மாப்பிள்ளைதான் செய்தி அனுப்புவார், வியாபாரக் கடிதம் மாதிரி: மாத்திரை ஆச்சு, குளியல் ஆச்சு.

எடுத்ததும் மூச்சுதான் கேட்டது. பிறகு குரல்.

"அண்ணே... அப்பா பெட்ரூம் வாசல்ல நின்னுட்டாரு. ரொம்ப நேரமா நிக்கிறாரு. விசில் ஊதியாச்சு. தரையில சாக்பீஸ்ல கோடு போட்டாச்சு. ஒண்ணுக்கும் அசையல. இவரு ஆபீசுக்குப் போயிட்டாரு. எங்க மாமியார் பேப்பரப் பிடிச்சுக்கிட்டு இங்கயே பாத்துக்கிட்டிருக்காங்க. அப்பா அழுவறாரா சிரிக்கிறாரான்னு தெரியலண்ணே. நான் என்ன செய்யட்டும்?"

விசிலுக்கு அசையாத நாள் ஒன்று வரும் என்று எனக்குத் தெரியும். இந்த நோய் ஒவ்வொரு சாவியாகப் பிடுங்கிக்கொண்டு போகும். ஆனால் அந்த நேரத்தில் நான் அதை நினைக்கவில்லை. சொல்வதற்கு வைத்திருந்த பதில்களை நினைத்தேன். இரண்டு வருஷம் சாணை பிடித்து வைத்திருந்தவை. ஒவ்வொன்றும் தைத்தால் எலும்புவரை போகும். எதைச் சொல்வது என்று தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தேன். அந்த நிமிஷத்தில் மறுபடியும் அவள் மூச்சு கேட்டது. மேல் மூச்சு, கீழ் மூச்சு, நடுவில் ஒரு விக்கல். அது அன்றைக்குப் பாத்ரூம் வாசலில் நான் விட்ட மூச்சு. கேஸ் ஏஜென்சிக்காரனைக் கேட்டால் அவனும் சொல்வான்.

"நிலையப் பிடிச்சிருக்காரா?"

"பிடிச்சிருக்காரு."

"அப்ப முதல்ல நீ உக்காரு."

"அப்பா நிக்கிறாருண்ணே!"

"அவரு நிக்கட்டும். நீ பதறுனா அவருக்கும் பதறும். எட்டிப் பிடிக்கிற தூரத்துல ஒரு சேரப் போட்டு, அவரு பாக்குற மாதிரி உக்காரு."

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. "உக்காந்துட்டேன்."

"இப்ப அவருகிட்ட ஏதாவது பேசு. காலப் பத்திப் பேசாத."

"என்னத்தண்ணே பேசுறது இப்ப?"

"எதையாவது. என்னயத் திட்டு. அவருக்குப் பிடிக்கும்."

பிறகு, போனைக் கீழே வைத்துவிட்டாள் போலிருக்கிறது, தூரத்திலிருந்து வந்தது.

"பெத்து வச்சிருக்கீங்களேப்பா ஒரு பிள்ள... வாயத் தொறந்தா ஒரு நல்ல வார்த்த உண்டா? பொண்டாட்டி சாகக் கெடக்குறா, அதச் சொல்றதுக்கு ரெண்டு வருஷம்! அப்பறம் ஊரே கேக்குற மாதிரி கத்துறது. நான் என்ன ஜோசியக்காரியா? சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். உங்க செல்லம், உங்க செல்லந்தான் அவனக் கெடுத்துச்சு..."

காப்பி ஆறிக்கொண்டிருந்தது. அவள் நிறுத்தவில்லை. சொன்னதில் பாதிக்கு மேல் சரியாக இருந்தது, அது என்னை இன்னும் கொதிக்க வைத்தது. பதிலுக்குச் சொல்ல என்னிடமும் எவ்வளவோ இருந்தது. எங்கேயோ நடுவில் அப்பாவின் கிசுகிசுப்பு எழுந்தது. என்ன சொன்னார் என்று பிடிபடவில்லை. "ஆமா, சப்போர்ட்டுக்கு வந்துருவீங்களே" என்று அவள் இன்னும் வேகமெடுத்தாள்.

அந்த வேகத்துக்கு அடியில், மெதுவாக, செருப்பு தரையில் உரசும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி உரசியது.

அவர் கட்டில்வரை போய்ச் சேரட்டும், பிறகு இவளைக் கவனித்துக்கொள்கிறேன் என்று போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன்.